மூன்று வருடப் பட்டத்தோடு வெளிநாட்டில் ஆசிரியர் வேலை: நெல்லைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, ஏதாவது ஒரு மெட்ரிக் பள்ளியில் நாலைந்து வருடம் வேலை பார்த்தவர்கள் வெளிநாட்டு வேலையை யோசிக்கும்போது முதலில் விசாரிப்பது சம்பளத்தை. அடுத்தது விசா. ஏஜென்டிடம் பணம் கட்டிய பிறகுதான் மூன்றாவது கேள்வி வருகிறது: “அண்ணாச்சி, நம்ம டிகிரி மூணு வருஷம்தானே, அதை அங்க ஒத்துக்கிடுவாங்களா?”

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பதில் நாட்டுக்கு நாடு வேறு. ஒரே நாட்டில் விசாவுக்கு விசாவும் வேறு. இங்கிலாந்து முழுப் பட்டமாக எடுத்துக்கொள்ளும் அதே பி.எஸ்சி., அமெரிக்காவின் ஒரு மேசையில் ஒரு வருடம் குறைந்த படிப்பாக நிற்கும். பட்டத்தின் பெயரைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. பிளஸ் டூவுக்குப் பிறகு எத்தனை வருடம், எந்த நிலையில், எப்படிப் படித்தீர்கள் என்பதைத்தான் எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை நீங்களே முதலில் போட்டுப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வருகிறது

நம் கணக்கு 10+2+3, ஆக 15 வருடம். அமெரிக்காவில் பள்ளி 12 வருடம், பட்டம் 4 வருடம், ஆக 16. இங்கிலாந்தில் பட்டம் நம்மைப்போல 3 வருடம்தான், ஆனால் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்குள் 13 வருடப் பள்ளிப் படிப்பு முடிந்திருக்கும். இந்த ஒரு வருட வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் வேர். பி.இ. படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அது நான்கு வருடம். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்த நமக்குத்தான் பி.எட். வந்து கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் வேலை: ஒரு தாளில் வருடங்களை எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பிளஸ் டூவுக்குப் பிறகு படித்த ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதுங்கள். சேர்ந்த மாதம், முடித்த மாதம், கல்லூரியின் பெயர், பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம், நேரடியா தொலைநிலையா, தமிழ் வழியா ஆங்கில வழியா. இவ்வளவும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். அரியர் வைத்துத் தாமதமாக முடித்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். படிப்பின் காலம் வேறு, பட்டம் கைக்கு வந்த தேதி வேறு.

ஒரு எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். ஒரே வீட்டில் அக்கா, தங்கை. இருவருமே பி.எஸ்சி. கணிதம், பி.எட். அக்கா 2011 முதல் 2014 வரை பி.எஸ்சி., 2014-15இல் பி.எட். தங்கை 2014 முதல் 2017 வரை பி.எஸ்சி., 2017 முதல் 2019 வரை பி.எட். சுவரில் மாட்டினால் இரண்டு பேர் சான்றிதழும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தாளில் எழுதினால் அக்காவுக்கு 3+1, தங்கைக்கு 3+2. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளால் 2015-16 முதல் பி.எட். இரண்டு வருடமானதுதான் காரணம். இந்த அக்கா தங்கையைக் கட்டுரை முழுக்கக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இவர்களில் யார் என்பது தெரிந்தால் போதும், கீழே உள்ளதில் உங்களுக்கானது எது என்று புரிந்துவிடும்.

தாளில் எழுதும்போது மூன்று இடத்தில் கவனம் தேவை. பிளஸ் டூ முடித்ததும் இரண்டு வருட ஆசிரியர் பட்டயப் பயிற்சி படித்துவிட்டு, பிறகு தொலைநிலையில் பி.லிட். அல்லது பி.ஏ. முடித்த தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் நம் பக்கம் நிறையப் பேர். உழைத்துப் படித்த படிப்பு அது, ஆனால் பட்டயத்தைப் பெரும்பாலான நாடுகள் பட்ட நிலைக்குக் கீழேதான் வைக்கின்றன. அந்த இரண்டு வருடத்தைக் கூட்டித் தலைக்கணக்கு போட்டுவிடாதீர்கள். அடுத்தது, பி.ஏ. முடித்த பிறகு ஒரே வருடத்தில் வாங்கிய கூடுதல் பட்டம். நம் மாநில ஆசிரியர் நியமனத்திலேயே அது வழக்கு வரை போன சங்கதி, வெளிநாட்டில் அதை முழுப் பட்டமாக நம்பிப் போக வேண்டாம். மூன்றாவது, பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக வந்த பட்டம். வரிசை அறுந்திருப்பதால் மதிப்பீட்டில் அது கடுமையாக அடிபடும்.

இரண்டாவது: எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

“விசா கிடைக்குமா” என்ற ஒரே கேள்விக்குள் மூன்று வாசல் இருக்கிறது. உங்கள் படிப்பு அந்த நாட்டுப் படிப்புக்குச் சமமா என்று பார்ப்பது ஒன்று. நீங்கள் அங்கே ஆசிரியராக வகுப்புக்குள் நுழையலாமா என்று உரிமம் தருவது ஒன்று. நாட்டுக்குள் வந்து சம்பளம் வாங்கலாமா என்று குடிவரவுத் துறை பார்ப்பது ஒன்று. மூன்றையும் பார்ப்பது பெரும்பாலும் மூன்று வெவ்வேறு அலுவலகங்கள். ஒன்றில் ‘சரி’ என்று வந்த காகிதம் அடுத்ததில் செல்லும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் பயிற்சி பெற்ற ஆசிரியரும் அங்கே தகுதிபெற்ற ஆசிரியர் நிலைக்கு இணையத்தில் நேரடியாக விண்ணப்பிக்கும் முறை வந்தது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. இந்தியாவில் தகுதி பெற்றவர்களுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதம், அறிவியல், மொழிகள் நடத்தத் தகுதி பெற்றிருக்க வேண்டும். மூன்று வருடப் பட்டம் அங்கே பிரச்சினையே இல்லை, அவர்கள் பட்டமும் மூன்று வருடம்தானே. நம் கணித அக்காவும் தங்கையும் இருவருமே விண்ணப்பிக்கலாம். வரலாறு, வணிகவியல் ஆசிரியருக்கு அந்த வழி இல்லை. ஆக அங்கே தடுப்பது வருடம் இல்லை, பாடம். அந்த நிலை கிடைத்துவிட்டாலும் அது வேலையும் ஆகாது, விசாவும் ஆகாது. உங்களை எடுத்துக்கொள்ளும் பள்ளி ஒன்று ஸ்பான்சர் செய்தால்தான் விசா.

ஆஸ்திரேலியா: 4 வருடம், 45 நாள்

வருடக் கணக்கை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் நாடு இது. திறன் அடிப்படையில் குடியேறும் ஆசிரியர்களை மதிப்பிடுவது ஐட்செல் என்ற நிறுவனம். பட்டம், ஆசிரியர் பயிற்சி எல்லாம் சேர்த்து முழுநேர உயர்கல்வி குறைந்தது 4 வருடம். அதில் குறைந்தது 1 வருடம் ஆசிரியர் பயிற்சி. அந்தப் பயிற்சிக்குள் மேற்பார்வையோடு வகுப்பெடுத்த நாட்கள் குறைந்தது 45.

பி.எட். இல்லாத வெறும் பி.எஸ்சி. இங்கே நிற்காது. அக்காவின் 3+1 கணக்குக்குச் சரியாக நான்கு. பழைய ஓராண்டு பி.எட். என்று கேட்டதுமே “அது செல்லாது” என்று சொல்லி, இன்னொரு படிப்பில் சேரச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்பாதீர்கள். அக்காவுக்கு இடிப்பது அந்த 45 நாள் வரியில்தான். ஓராண்டு பி.எட். காலத்தில் பல கல்லூரிகளில் கற்பித்தல் பயிற்சி 40 நாள் என்பதே வழக்கம். தங்கையின் இரண்டு வருடப் படிப்பில் பள்ளிப் பயிற்சி 20 வாரம், அவருக்கு அந்தக் கவலை கிடையாது.

அதனால் பழைய பி.எட். காரர்கள் ஆஸ்திரேலியாவை நினைத்தால், வேறு எந்தச் செலவும் செய்வதற்கு முன்னால் பி.எட். படித்த கல்லூரிக்குப் போங்கள். எந்தப் பள்ளியில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த வகுப்புகளுக்கு, யார் மேற்பார்வையில், மொத்தம் எத்தனை நாள் என்று முதல்வர் கையெழுத்தோடு கல்லூரித் தாளில் ஒரு கடிதம் கேளுங்கள். ‘இவர் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார்’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. பயிற்சிக் காலத்தில் எழுதிய பாடத்திட்ட நோட்டு, பயிற்சி கொடுத்த பள்ளியின் வருகைச் சான்று வீட்டுப் பரணில் கிடந்தால் தூசி தட்டி எடுத்து வையுங்கள். கல்லூரி அலுவலகத்தில் பழைய பதிவேட்டைத் தேட அவை உதவும்.

ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் தேர்வில் வாசிப்பிலும் எழுத்திலும் 7, கேட்டலிலும் பேச்சிலும் 8. இது லேசான மதிப்பெண் இல்லை. பேச்சில் 8 எடுக்க மாதக்கணக்கில் பேசிப் பழக வேண்டும். வருடக் கணக்கு சரியாக இருந்தும் பலர் நின்றுபோகும் இடம் இது. படிப்பைச் சரிபார்த்த அன்றே இந்தப் பயிற்சியையும் தொடங்கிவிடுங்கள்.

அமெரிக்கா: ஒரே பட்டத்துக்கு மூன்று பார்வை

பண்பாட்டுப் பரிமாற்ற ஆசிரியர்களுக்கு ஜே-1 விசா. அமெரிக்கப் பட்டத்துக்குச் சமமான பட்டமும் 2 வருட முழுநேரக் கற்பித்தல் அனுபவமும் கேட்கிறார்கள். 3 வருடம் வரை இருக்கலாம், பிறகு 1 அல்லது 2 வருடம் நீட்டிப்புக்கு வழி உண்டு. பட்டம் சமமா என்பதை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கை காட்டும். பி.எஸ்சி.யை மட்டும் அனுப்பினால் ‘மூன்று வருடப் பல்கலைக்கழகப் படிப்பு’ என்று திரும்பி வரக்கூடும். பி.எட்.டையும் சேர்த்து அனுப்புங்கள், எம்.எஸ்சி. இருந்தால் அதையும். பல்கலைக்கழகத்துக்கு, உயர்கல்வி நிறுவனங்களைத் தரம்பிரிக்கும் நாக் குழுவின் ‘ஏ’ தரம் இருக்கிறதா என்று பார்த்து மூன்று வருடப் பட்டத்தை முழுதாக ஏற்கும் மதிப்பீட்டு நிறுவனங்களும் உண்டு. எந்த நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்று உங்களை ஜே-1இல் அழைக்கும் ஸ்பான்சர் அமைப்பிடம் கேட்டுக்கொண்டு அதன் பிறகு பணம் கட்டுங்கள்.

ஜே-1க்கு விண்ணப்பிக்கிறவர்கள் பொதுவாக அந்த நேரத்தில் சொந்த நாட்டில் ஆசிரியராக வேலையில் இருக்க வேண்டும். ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று பள்ளி வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

திறன்சார் வேலைக்கான எச்-1பி விசாவில் மூன்று வருடப் பட்டத்தின் குறையை அனுபவத்தால் நிரப்ப ஒரு கணக்கு உண்டு: துறை சார்ந்த 3 வருட வேலை, 1 வருடக் கல்லூரிப் படிப்புக்குச் சமம். நல்ல வழிதான். ஆனால் 2025 செப்டம்பரில் நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். ஒரு பள்ளி அவ்வளவு பணத்தை ஓர் ஆசிரியருக்காகக் கட்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், பள்ளியின் பெயரையும் அந்தப் பேச்சையும் எழுத்தில் கேளுங்கள்.

நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டை (கிரீன் கார்டு) வேறு கதை. 1977ஆம் ஆண்டு ஷா என்பவரின் வழக்கில், இந்தியாவின் மூன்று வருட இளநிலைப் பட்டம் மட்டும் அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு இணையாகாது என்று குடிவரவுத் துறை முடிவு சொன்னது. அதன் நிழல் நம் பட்டத்தின் மேல் நெடுங்காலமாக விழுந்து கிடக்கிறது.

கனடா, கிழக்காசியா, மாலத்தீவு

கனடாவில் ஆசிரியர் உரிமம் மாகாணத்தின் கையில். ஒன்டாரியோ ஆசிரியர் கல்லூரி என்ற அமைப்பு மூன்று வருடப் பட்டத்தையே குறைந்தபட்சமாக வைத்திருப்பது நமக்கு ஆறுதல். ஆனால் ஆசிரியர் பயிற்சி நான்கு பருவம் இருக்க வேண்டும். தங்கைக்கு அது பொருந்தும். அக்காவுக்குக் குறைவு, உரிமம் நிபந்தனையோடு வரலாம். குடியேற்றப் புள்ளிக்காக வாங்கும் கல்வி மதிப்பீட்டு அறிக்கை ஆசிரியர் உரிமம் ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு விமானம் ஏறி, அங்கே கடையில் வேலை பார்க்கும் ஆசிரியர்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

ஆங்கிலம் நடத்தக் கிழக்காசியா போக ஆசைப்படுகிறவர்கள் பட்டத்தின் நீளத்துக்கு முன்னால் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். தென்கொரியாவில் ஆங்கிலம் நடத்துவதற்கான இ-2 விசா ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஏழு நாட்டவருக்கானது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தால் ஆங்கிலத்தில் பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியருக்குப் பள்ளி உதவி ஆசிரியராக ஒரு குறுகிய வழி உண்டு. ஜப்பானில் பள்ளிகளில் மொழி நடத்தும் விசாவுக்கு அந்த மொழி வழியாகவே 12 வருடம் படித்திருக்க வேண்டும். தமிழ் வழியில் பிளஸ் டூ வரை படித்து, ஆங்கிலத்தில் முனைவர் பட்டமே வாங்கியவருக்கும் இந்த விதி குறுக்கே நிற்கும். நான்கு வருடப் பட்டமா மூன்று வருடப் பட்டமா என்பது அங்கே பேச்சே இல்லை.

மாலத்தீவுக்கு நம் பக்கத்திலிருந்து போய்வருகிறவர்கள் ஏராளம், திருவனந்தபுரத்திலிருந்து கொஞ்ச நேரப் பயணம். மூன்று வருடப் பட்டமும் பி.எட்.டும் அங்கே பொதுவாகப் போதும். சான்றிதழ்களை அந்நாட்டுத் தகுதி ஆணையம் சரிபார்க்கும்.

வளைகுடா: வருடத்தைவிட ஒரு சொல் பெரிது

அமீரகத்தில் மூன்று வருடப் பட்டம் என்பதற்காக ஒதுக்குவதில்லை. நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படித்தீர்களா என்றுதான் துருவுவார்கள். நம் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ‘இன்டர்னல்’ 25, ‘எக்ஸ்டர்னல்’ 75 என்று இரண்டு கட்டம் இருக்கும். அக மதிப்பீடு, பல்கலைக்கழகத் தேர்வு, அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன் அமீரகத்தில் இந்த ‘எக்ஸ்டர்னல்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து தேர்வு மட்டும் எழுதியவர் என்று எடுத்துக்கொண்டு, வருடக்கணக்கில் வேலையில் இருந்த இந்திய ஆசிரியர்களுக்கே சமநிலைச் சான்று மறுத்தார்கள். பிறகு பேசித் தீர்க்கப்பட்டது என்றாலும் பாடம் பாடம்தான்.

எனவே பட்டம் உண்மையானது என்று பல்கலைக்கழகம் தரும் உண்மைத்தன்மைச் சான்று வாங்கும்போது முழுநேர, நேரடிப் படிப்பு என்ற சொற்களும் படித்த காலமும் அதில் இருக்கும்படி எழுதிக் கேளுங்கள். தொலைநிலையில் படித்த எம்.எஸ்சி.யை நேரடிப் படிப்பு என்று காட்ட யாராவது வழி சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு நேராக எழுதிக் கேட்டுச் சரிபார்ப்பார்கள், பொய் ஆவணம் வழக்காகும்.

மூன்றாவது: காகிதம் எங்கே கிடைக்கும்

நம் பக்கத்துக் கல்லூரிகளின் பட்டங்கள் அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். அது தொடங்கியது 1990இல், அதற்கு முன் படித்தவர்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். பி.எட். கல்லூரிகள், 2008இல் உருவான தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன, அதன் அலுவலகம் சென்னையில். ஆக நம் அக்கா தங்கைக்கு பி.எஸ்சி. டிரான்ஸ்கிரிப்ட் (எல்லா மதிப்பெண்களும் சேர்ந்த அதிகாரபூர்வப் பட்டியல்) அபிஷேகப்பட்டியில், பி.எட். டிரான்ஸ்கிரிப்ட் சென்னையில். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், ஒன்று வந்தபின் மற்றொன்று என்று காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும்.

தூய சவேரியார், சதக்கத்துல்லாஹ் அப்பா போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இன்னொரு முடிச்சு. மதிப்பெண் பட்டியல் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் தந்தது, பட்டம் பல்கலைக்கழகம் தந்தது. மதிப்பீட்டு நிறுவனம் முத்திரையிட்ட உறையில் யாரிடமிருந்து எதைக் கேட்கிறது என்று அதன் பட்டியலில் தெளிவாகப் பார்த்துக்கொண்டு அலுவலகம் ஏறுங்கள். உறையை நீங்கள் பிரித்துவிட்டால் அது செல்லாது.

அடுத்து இனிஷியல். பட்டத்தில் ‘எஸ். முத்துலட்சுமி’, பாஸ்போர்ட்டில் ‘முத்துலட்சுமி சுடலைமுத்து’, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர். நமக்கு மூன்றும் ஒரே ஆள். வெளிநாட்டு அலுவலருக்கு மூன்று பேர். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை மூலமாக வைத்து, மூன்று பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வையுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் செய்துவிடுவது நல்லது. எல்லா வேலையும் முடிந்த பிறகு இதில் மாட்டினால், சான்றிதழ்களுக்கு அரசு முத்திரை வாங்கும் சான்றொப்பம் முழுவதும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

சான்றொப்பம் முதலில் மாநில அரசில், அடுத்து வெளியுறவு அமைச்சகத்தில். ஒரு நாட்டின் முத்திரையை மற்ற உறுப்பு நாடுகள் அப்படியே ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் 2005 முதல் இந்தியா இருப்பதால் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அமெரிக்கா, தென்கொரியா, ஓமன் போன்ற நாடுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை போதும். சவூதியும் 2022 டிசம்பர் முதல் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. அமீரகம், குவைத் போக வேண்டுமானால் அமைச்சக முத்திரைக்குப் பிறகு அந்தந்தத் தூதரக முத்திரையும் வேண்டும். அமைச்சக முத்திரை வெளியுறவு அமைச்சகத்தின் சென்னைக் கிளையிலேயே கிடைக்கிறது, டெல்லிக்கு ஆள் அனுப்புகிறேன் என்று யாராவது கூடுதல் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

ஏஜென்ட் விஷயம்

பதிவு பெற்ற ஏஜென்டா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாய், மேலே ஜி.எஸ்.டி. லட்சக்கணக்கில் கேட்டால் அது சட்டப்படியான கட்டணம் இல்லை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது, அதன் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள். ஏஜென்டிடம் முதல் நாளே உங்கள் தாளைக் காட்டி, “என் படிப்பு 3+1, இந்த நாட்டில் இதை யார் மதிப்பிடுவார்கள், உரிமம் யார் தருவார்கள்?” என்று கேளுங்கள். அமைப்பின் பெயரைச் சொல்லத் தெரியாதவர் உங்கள் அசல் சான்றிதழைத் தொட வேண்டாம்.

காவல்துறை நற்சான்றை மட்டும் கடைசிக்கு வையுங்கள். திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பழைய தேதியிட்ட சான்றைப் பல நாடுகள் ஏற்பதில்லை, டிரான்ஸ்கிரிப்டும் மதிப்பீட்டு அறிக்கையும் கைக்கு வந்து, பள்ளியின் நியமனக் கடிதமும் வந்த பிறகு அதற்கு நாள் குறித்தால் போதும்.